வளையலும் கம்பைலரும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே, மலையடிவாரத்தில் இருக்கிறது மம்சாபுரம். அங்கே ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் எனக்கு எப்போதும் ஒரே உத்தியோகம்தான். யாராவது ஒருத்தர் "இவரு கம்ப்யூட்டர்ல இருக்காரு" என்று அறிமுகப்படுத்தி வைப்பார். அவ்வளவுதான். ஒருத்தர் செல்போனை நீட்டி "வாட்ஸப் வரமாட்டேங்குது, என்னன்னு பாருங்க" என்பார். இன்னொருத்தர் டி.வி. ரிமோட்டைக் கொண்டு வருவார். ஒரு முறை மிக்ஸி கூட வந்தது.

இந்த முறை வந்தது ஒரு காகிதம். கொண்டு வந்தது எனக்குத் தங்கச்சி முறை ஆகிறவள். இரண்டு மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறாள். வீட்டுக்காரர் மில்லில் நைட் ஷிப்ட். மகன் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருஷம்.

"அண்ணே, இத கொஞ்சம் பாருங்க. டவுன்ல ஒரு சென்டர்ல குடுத்தாங்க. இதப் படிச்சாத்தான் வேலை கிடைக்குமாம். வளையல வச்சிரலாமான்னு பாக்கேன்."

வாங்கிப் பார்த்தேன். மொத்தம் ரூ.14,500. பயிற்சி இவ்வளவு, புத்தகம் இவ்வளவு என்று வரிசையாகப் போட்டிருந்தது. மூன்றாவது வரியில் என் கண் நின்றது. 'சாஃப்ட்வேர் கட்டணம் (சி, சி++, ஜாவா, பைத்தான் கம்பைலர்கள் மற்றும் எடிட்டர்): ரூ.6,500.'

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. கையில் இருந்த ஒற்றை வளையலை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, "என்னண்ணே, ஏமாத்தா?" என்றாள்.

ஏமாற்று என்று சொல்ல முடியாது. தண்ணீர் பாட்டிலை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லையே. ஆனால் வீட்டு வாசலில் குழாய் இருக்கும்போது வளையலை அடகு வைத்துத் தண்ணீர் பாட்டில் வாங்குகிறவளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியாது.

பையனைக் கூப்பிட்டேன். வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தோம்.

* * *

முதலில் கம்பைலர் என்றால் என்ன என்று தங்கச்சிக்குச் சொன்னேன். கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது பூஜ்யமும் ஒன்றும்தான். நாம் எழுதுவது ஏறக்குறைய இங்கிலீஷ் மாதிரி இருக்கிற ஒரு பாஷை. நடுவில் ஒரு துபாஷி வேண்டும். நாம் எழுதினதை மொத்தமாக வாங்கிப் படித்து, தப்பு இருந்தால் திட்டி, தப்பு இல்லையென்றால் மெஷினின் பாஷையில் மாற்றிக் கொடுக்கிற அந்த துபாஷிதான் கம்பைலர். எழுதுவதற்கு வேண்டிய நோட்டும் பேனாவும் எடிட்டர்.

"துபாஷிக்குச் சம்பளம் குடுக்கணும்ல?" என்றாள். நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் கொடுக்க வேண்டித்தான் இருந்தது.

இங்கே நான் ஒரு பாவமன்னிப்பு கேட்டுக்கொள்ள வேண்டும். நான் சி படித்தது டர்போ சி-யில். அமெரிக்காவின் போர்லாண்ட் கம்பெனி 1987-ல் வெளியிட்ட சரக்கு. நீலத் திரை, மஞ்சள் எழுத்து. அந்த நீலத்தைப் பார்த்தால் என் தலைமுறைக்கு இன்றைக்கும் வயிற்றில் புளி கரைக்கும். அதை நான் காசு கொடுத்து வாங்கவில்லை. நண்பனிடம் இருந்து ஃப்ளாப்பியில் காப்பி. அவனுக்கு இன்னொரு நண்பன். அந்தச் சங்கிலியில் யாராவது ஒருத்தராவது காசு கொடுத்திருப்பாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். காப்பிரைட் சட்டத்தில் 1994-ல் 63-பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். திருட்டு சாஃப்ட்வேர் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் ஓட்டினால் குறைந்தது ஏழு நாள் ஜெயில், ஐம்பதாயிரம் அபராதம். அதை நான் படித்தது பல வருஷம் கழித்து. அன்றைக்கே படித்திருந்தால் புரோகிராமர் ஆகியிருக்க மாட்டேன். ஒருவேளை வக்கீல் ஆகியிருப்பேன்.

(போர்லாண்டே பின்னாளில் டர்போ சி 2.01-ஐ இலவசமாகக் கொடுத்துவிட்டது. என் பாவம் கழிந்ததா என்று சாஸ்திரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.)

வேடிக்கை என்னவென்றால், நான் திருட்டு ஃப்ளாப்பியைச் சட்டைக்குள் மறைத்து எடுத்துப் போன அதே காலத்தில், அதைவிடப் பெரிய கம்பைலர் ஒன்று, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து கிடந்தது. எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

* * *

அந்தக் கதை ஒரு பிரின்டரில் ஆரம்பிக்கிறது. 1980 வாக்கில் அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற கல்லூரியின் ஆராய்ச்சிக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்று ஒரு புரோகிராமர். அங்கே வந்த ஜெராக்ஸ் லேசர் பிரின்டரில் அடிக்கடி பேப்பர் சிக்கிக்கொள்ளும். முந்தைய பிரின்டருக்கு அவரே சாஃப்ட்வேரைத் திருத்தி, சிக்கினால் கம்ப்யூட்டரில் சேதி வருகிற மாதிரி செய்து வைத்திருந்தார். புதுசுக்கும் செய்யலாம் என்று மூல நிரலைக் கேட்டால், வைத்திருந்தவர் தர முடியாது, ஒப்பந்தம் போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

நம்ம ஊராக இருந்தால் பிரின்டரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்போம். ஸ்டால்மன் விடவில்லை. 1983 செப்டம்பரில் 'க்னூ' என்ற திட்டத்தை அறிவித்தார். எடிட்டர், கம்பைலர் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதி ஊருக்குப் பொதுவாக வைப்பது. 1985-ல் ஈமாக்ஸ் என்ற எடிட்டர் வந்தது. இன்டர்நெட் இல்லாதவர்களுக்கு டேப்பில் பதிந்து 150 டாலருக்கு அனுப்பினார். டேப்பை வாங்கினவர் அதை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் காப்பி எடுத்துக் கொடுக்கலாம். 1987-ல் ஜி.சி.சி. என்ற கம்பைலர் வந்தது. 1991-ல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்ஸை எழுத உட்கார்ந்தபோது அதைக் கம்பைல் செய்யக் கையில் கிடைத்தது இந்த ஜி.சி.சி.தான். காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று இருந்திருந்தால் அவர் நிலைமையும் வளையல் கதைதான்.

இங்கே தமிழுக்கு ஒரு சபாஷ் போட வேண்டும். இங்கிலீஷில் 'ஃப்ரீ' என்று ஒரே சொல்தான். காசில்லாமல் கிடைப்பதற்கும் அதுதான், கட்டுப்பாடு இல்லாமல் இருப்பதற்கும் அதுதான். இரண்டும் வேறு வேறு என்று ஸ்டால்மன் நாற்பது வருஷமாகத் தொண்டை வற்றப் பேசிக்கொண்டிருக்கிறார். தமிழில் இலவசம் வேறு, சுதந்திரம் வேறு. நம்மவர்கள் இதற்கு 'கட்டற்ற மென்பொருள்' என்று அழகாகப் பேர் வைத்தாயிற்று.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கணக்கில் சொன்னால், கடைக்காரர் கால் கிலோ பால்கோவாவைச் சும்மா கொடுத்தால் அது இலவசம். பாலை எவ்வளவு நேரம் கிண்டினார், சர்க்கரையை எப்போது போட்டார் என்ற பக்குவத்தையும் சேர்த்துச் சொல்லி, 'நீயும் கிண்டு, மாற்றிக் கிண்டு, விற்றுக்கொள்' என்றால் அது கட்டற்றது. முதலாவதில் நாக்குக்கு லாபம். இரண்டாவதில் ஒரு குடும்பம் பிழைக்கும்.

* * *

தங்கச்சிக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. "சும்மா குடுக்கான்னா அதுல என்னமோ இருக்கும்ணே. பிறகு ஒருநா வந்து காசக் குடுன்னு நின்னா?"

"உங்க கண்மாய்த் தண்ணி யாருக்குச் சொந்தம்?"

"ஊருக்கு."

"வாய்க்கால யாரு வெட்டுதது?"

"பாயுற ஆளுக எல்லாரும் சேந்துதான்."

"ஒருத்தன் மடையை அடைச்சு, எனக்கு மட்டும்னு சொன்னா?"

"ஊரு விட்டுருமா?"

அந்த ஊர்க்கட்டுப்பாட்டை ஸ்டால்மன் காகிதத்தில் எழுதி வைத்தார். 1989-ல் வந்த அதற்கு ஜி.பி.எல். என்று பேர். நீ எடுத்துக்கொள், திருத்து, விற்கக்கூட விற்றுக்கொள். ஆனால் திருத்தினதை இன்னொருத்தனுக்குக் கொடுக்கும்போது மூல நிரலையும் அதே உரிமையோடு கொடுத்தாக வேண்டும். மடையை அடைக்கக் கூடாது. ஒரு முறை அப்படி வந்த சரக்கைத் திரும்பப் பிடுங்க வழி கிடையாது.

தூர் வாருகிறவர்களுக்குக் கூலி? ரெட் ஹாட், ஐ.பி.எம்., இன்டெல் மாதிரி கம்பெனிகள் சம்பளம் கொடுத்து ஆட்களை ஜி.சி.சி. வேலைக்கு விட்டிருக்கின்றன. தர்மம் இல்லை, வியாபாரம். சிப் செய்கிறவனுக்குத் தன் சிப்புக்கு நல்ல கம்பைலர் இருந்தால்தான் சிப் விற்கும். தன் வயலுக்குத் தண்ணீர் வர வேண்டும் என்பதால் வாய்க்காலை வெட்டுகிறான். பக்கத்து வயலுக்கும் பாய்கிறது.

"அப்ப சரி," என்றாள். கண்மாய் என்றதும் புரிந்துவிட்டது.

* * *

அடுத்து பையன். அவனிடம் அரசாங்கம் கொடுத்த பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. சித்தப்பா மகனுக்கு வந்தது. 2011-ல் ஜெயலலிதா தொடங்கி வைத்த திட்டத்தில் கிடைத்தது. பல வீடுகளில் இந்த லேப்டாப்பில் இப்போது கல்யாண வீடியோதான் இருக்கிறது.

"நீ எதுல புரோகிராம் எழுதற?"

"டர்போ சி மாமா. காலேஜ்ல அதான்."

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த நீலத் திரை எங்களை விடவில்லை. அவன் எழுதின புரோகிராமை ஜி.சி.சி.யில் போட்டேன். முதல் வரியிலேயே முரண்டு பிடித்தது. கோனியோ என்ற தலைப்புக் கோப்பு அதனிடம் கிடையாது. அது டாஸ் காலத்துச் சொந்தம். திரையைத் துடைக்கிற கிளியர்ஸ்கிரீனும் அதோடு போச்சு. 'வாய்ட் மெயின்' என்று எழுதியிருந்தான். சி-யின் தரநிர்ணயப்படி 'இன்ட் மெயின்'. பையன் முகம் வாடிவிட்டது. இரண்டு வருஷமாகச் சரி என்று நினைத்தது தப்பாம்.

"இது நல்லதுக்குத்தான்டா. இன்டர்வியூவுல திட்டு வாங்கறதுக்கு முன்னாடி வாசல்ல திட்டு வாங்கியாச்சு."

அன்று சாயங்காலம் அவனுக்குச் சொன்னதையெல்லாம் உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஆபீஸில் இருந்துகொண்டு 'நாமும் புரோகிராம் கத்துக்கிட்டா என்ன?' என்று நினைக்கிறவர்களுக்கும் உதவும்.

1. எடிட்டர் வேறு, கம்பைலர் வேறு. இதில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள். மைக்ரோசாஃப்ட் 2015-ல் வெளியிட்ட வி.எஸ். கோட் நல்ல எடிட்டர், இலவசம். ஆனால் அதில் சி கம்பைலர் கிடையாது. அதை மட்டும் இறக்கிவிட்டு 'ஓடலை சார்' என்று புலம்புவது, பேனா வாங்கிவிட்டு துபாஷியைத் தேடுவது மாதிரி.

2. விண்டோஸ் வைத்திருப்பவர்கள் சி, சி++ படிக்க கோட் பிளாக்ஸ் போதும். பக்கத்தில் நாலைந்து கோப்புகள் இருக்கும். பேரில் 'மிங்டபிள்யூ' என்று இருப்பதை இறக்குங்கள். அதில்தான் விண்டோஸுக்கான ஜி.சி.சி. கூடவே வருகிறது.

3. உபுண்டு, டெபியன் வகை லினக்ஸ் என்றால் 'பில்ட் எசென்ஷியல்' என்ற ஒரே பொட்டலத்தை நிறுவினால் ஜி.சி.சி. முதலான சாமான் எல்லாம் வந்துவிடும். பழைய லேப்டாப்புக்கு ஜீனி என்ற எடிட்டர் நல்லது. மூச்சு வாங்காது.

4. பைத்தானை அதன் சொந்தத் தளத்திலேயே இறக்குங்கள். ஐடில் என்ற சின்ன எடிட்டரும் கூடவே வரும். விண்டோஸில் நிறுவும்போது 'பாத்'தில் சேர்க்கட்டுமா என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்ய மறந்தால் மாலை முழுதும் வீண். ஜாவாவுக்கு ஓப்பன் ஜேடிகே.

5. லேப்டாப்பே இல்லையா? ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் போட்டு, அதில் கிளாங் என்ற இன்னொரு கட்டற்ற கம்பைலரை நிறுவலாம். விரல் வலிக்கும். ஆனால் ஓடும்.

6. பெரிய பச்சைப் பட்டனை நம்பாதீர்கள். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம். 'டவுன்லோட்' என்று பச்சையாக எது பளபளக்கிறதோ அது உங்கள் சரக்கு இல்லை. 'கிராக்' என்று யாராவது கொடுத்தால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். சும்மா கிடைப்பதைத் திருட்டில் வாங்கி வைரஸையும் வாங்குவானேன்?

இதில் ஒன்றைக் கூடக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். மூன்றாவது வரியில் இருந்த ரூ.6,500-க்கு உண்டான சாமான் அத்தனையும், போனின் ஒரு நாள் டேட்டாவில் கொஞ்சம் முன்னே பின்னே அடங்கிவிட்டது.

* * *

எடிட்டரில் எது உசத்தி என்று மட்டும் பொது இடத்தில் கேட்டுவிடாதீர்கள். ஈமாக்ஸ் கட்சியும் வி.ஐ. கட்சியும் போட்ட சண்டைக்கு முன்னால் எம்.ஜி.ஆர்.-சிவாஜி ரசிகர் சண்டையெல்லாம் சும்மா. வி.ஐ. என்பது பில் ஜாய் 1976-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் எழுதினது. அதன் வாரிசு விம். அதற்குள் போய்விட்டால் வெளியே வருவது எப்படி என்று தெரியாமல் கம்ப்யூட்டரையே அணைத்தவர்கள் உண்டு. நானும் அணைத்திருக்கிறேன்.

ஆனால் விம்மை எழுதின பிராம் மூலெனார் என்ற டச்சுக்காரரை நினைத்தால் மனசு நெகிழ்ந்துவிடும். 1991-ல் இருந்து உலகம் முழுக்க லட்சோபலட்சம் பேர் பயன்படுத்தின எடிட்டர். அதற்கு அவர் கேட்ட விலை: பிடித்திருந்தால் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு ஏதாவது கொடுங்கள். அதுவும் கட்டாயம் இல்லை. விம்மைத் திறந்தால் முதல் திரையில் அந்த வரி நிற்கும். 2023 ஆகஸ்டில் அவர் இறந்துபோனார். நண்பர்கள் எடிட்டரை விடாமல் நடத்துகிறார்கள். குழந்தைகளுக்கான அந்த வரியும் கூடவே தொடர்ந்தது.

இதைச் சொன்னபோது தங்கச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பிள்ளைகளுக்கு நம்மளும் ஏதாச்சும் அனுப்பலாமாண்ணே?" என்றாள். வளையலை வைக்க வந்தவள்.

* * *

எல்லாம் சும்மா என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். துபாஷிக்குத்தான் சம்பளம் இல்லை. வாத்தியாருக்கு உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து, 'இங்க ஒரு செமிகோலனை விட்டுட்டே' என்று சொல்லித் தருகிறவர் கேட்கிற ஃபீஸ் நியாயமானது. கொடுக்கலாம். அவர் விலையைச் சொல்லட்டும், சாமானின் விலையை மட்டும் சேர்க்க வேண்டாம். சென்டரில் போய் மூன்றாவது வரியை அடித்துவிட்டுச் சேர்த்துக்கொள்வார்களா என்று பையன் கேட்டுவிட்டு வந்தான். 'பேக்கேஜ்' பிரிக்க முடியாதாம்.

வாத்தியாருக்கும் வழி இல்லாதவர்களுக்கு ஐ.ஐ.டி. பம்பாய் நடத்துகிற ஸ்போக்கன் டுடோரியல் இருக்கிறது. சி, சி++, ஜாவா, பைத்தான் எல்லாம் பத்துப் பத்து நிமிஷப் பாடங்கள். தமிழ்க் குரலிலும் உண்டு. 2012-ல் தொடங்கின 'கணியம்' இதழ்க்காரர்கள் 'எளிய தமிழில்' என்ற வரிசையில் பல கம்ப்யூட்டர் புத்தகங்களை இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். தமிழிலேயே புரோகிராம் எழுத முத்து அண்ணாமலை உருவாக்கின 'எழில்' என்ற மொழியும் கட்டற்றதுதான். கம்பைலர் இங்கிலீஷில் திட்டுகிறதே என்று பயப்படுகிற பிள்ளைகளுக்கு முதல் படி.

தங்கச்சி தீர்ப்புச் சொன்னாள். "தை வரைக்கும் பாக்கேன். அதுக்குள்ள இந்தச் சும்மாப் பெட்டிய வச்சு இவன் உருப்படியா எதையாச்சும் செஞ்சு காட்டணும். இல்லன்னா வளையல் போகத்தான் செய்யும்."

பையன் என்னைப் பார்த்தான். நான் மலையைப் பார்த்தேன்.

* * *

மூன்று வாரம் கழித்து போன் வந்தது.

"மாமா, அம்மாவோட பால் கணக்குக்கு ஒரு புரோகிராம் எழுதிட்டேன். சி-லதான். எத்தனை லிட்டர்னு அடிச்சா எவ்வளவு ரூபான்னு வரும். ஜி.சி.சி. ஒரு எரர் கூடச் சொல்லலை!"

"பலே!"

"அம்மா சொல்லிட்டாங்க."

பின்னாலிருந்து தங்கச்சி குரல். "ஏழரை லிட்டரு, முப்பத்தெட்டு ரூபா. இருநூத்தி எம்பத்தஞ்சு வரணும்ணே. இவன் மிஷினு இருநூத்தி அறுவத்தாறுங்குது. அரை லிட்டரு பால முழுங்கிருச்சு. பத்து நாளைக்கு நூத்தித் தொண்ணூறு ரூபா யாரு குடுப்பா?"

லிட்டரை 'இன்ட்' என்று வைத்திருக்கிறான். இன்ட் என்றால் முழு எண். அரையை அதற்குத் தெரியாது. 'ஃப்ளோட்' என்று மாற்றச் சொன்னேன். ரீட் பண்ணுகிற இடத்திலும் மாற்ற வேண்டும் என்று அவனே கண்டுபிடித்துக்கொண்டான். ஐந்து நிமிஷத்தில் இருநூற்று எண்பத்தைந்து வந்துவிட்டது.

உலகத்தின் பெரிய மூளைகள் சேர்ந்து எழுதின கம்பைலர் ஜி.சி.சி. அதன் கண்ணில் படாத தப்பை, எட்டாவது வரை படித்தவள் ஒரு பார்வையில் பிடித்துவிட்டாள். கம்பைலர் இலக்கணம் பார்க்கும், கணக்கு நம்முடையது.

"தங்கச்சி, வளையல் எங்க இருக்கு?" என்றேன்.

"கையிலதான் இருக்கு. இப்ப அந்த மிஷினு மாட்டுத் தீவனக் கணக்கும் பாக்குமான்னு கேட்டுச் சொல்லுங்க."